நூறு கேட்டு ஐம்பத்தேழு வாங்கின கதை

கனநாளாக இந்தப் பக்கம் ஒன்றும் எழுதவில்லை. வேலை முடிந்து வந்தால் கால் இரண்டும் கெஞ்சும், பிறகு எழுத எங்கே மனம் வரும்? ஆனால் இந்தக் கதை கொஞ்சக் காலமாகத் தலைக்குள் கிடந்து குடைகிறது. எழுதாமல் விட்டால் நித்திரை வராது போலிருக்கிறது.

தொடக்கம் எங்கள் குசினிதான். 2025 ஆம் ஆண்டு யூன் மாதக் கடைசி. என்னோடு நிற்கிற தம்பி கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணை, அந்த எப்-35 பிளேனுக்கு இன்னும் ஒரு பில்லியனுக்குக் கிட்டக் கூடக் கேட்கிறாங்களாம். பேப்பரில போட்டிருக்கு."

"அது நிலையான விலை எண்டெல்லோ சொன்னவை?"

"அமெரிக்கன் சொல்லுறானாம், அது நீங்கள் பிழையா விளங்கிக்கொண்டது எண்டு."

இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் பெரிய சமையற்காரர் சுவிஸ்காரர், ஓய்வூதியத்துக்குக் கிட்ட நிற்கிற மனிதர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இது முதல் தரம் இல்லை. மிராஜ் என்று தேடிப் பார். என் அப்பா சாகும்வரை அதைச் சொல்லித் திட்டினவர்" என்றார்.

நான் தேடிப் பார்த்தேன். ஓய்வு நாட்களில் ஆராவ் மாநில நூலகத்தில் போய் இருந்தும் வாசித்தேன். என் டொச் அரைகுறைதான், ஆனால் கணக்குக்கு மொழி அவ்வளவு தேவையில்லைத்தானே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கத் தொடங்கி நடுவிலேயே நின்று போனவன் நான். பட்டம் இல்லை. ஆனால் ஒரு வரவு செலவுக் கணக்கைக் கண்டால் கண் அதிலேயே நிற்கும். அந்த வியாதி மட்டும் மாறவில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

1950 களின் கடைசியில் சுவிஸ் நாட்டுக்கு விமானப் பைத்தியம் பிடித்திருந்தது. முதலில் தாங்களே ஒன்று செய்து பார்த்தார்கள். அதற்குப் பெயர் பி-16. போடன் ஏரிக்கரையில் அல்ரென்றைன் என்ற இடத்தில் செய்தார்கள். நூறு விமானம் வாங்க 1958 இல் பாராளுமன்றம் சம்மதித்தது. கொஞ்ச நாளிலேயே, மார்ச் மாதத்தில், சோதனைப் பறப்பில் ஒன்று ஏரிக்குள் விழுந்தது. முழு ஓடரும் போச்சு. பிறகு பிரித்தானியாவில் இருந்து ஹன்ரர் விமானம் நூறு வாங்கினார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஒலியை விட வேகமாகப் போகிற விமானம் வேண்டும் என்றார்கள். சுவீடனின் டிராக்கன், பிரான்சின் மிராஜ் எல்லாம் பார்த்து மிராஜ் 3 என்று முடிவாயிற்று. 1961 யூன் மாதம் பாராளுமன்றம் நூறு மிராஜுக்கு 871 மில்லியன் பிராங் ஒதுக்கியது. அந்தக் காலத்தில் அது சாதாரணக் காசு இல்லை. பெரிய வாதம் இல்லாமல் கை உயர்த்தினார்கள். பனிப்போர்க் காலம், ரஷ்யப் பயம். இராணுவம் கேட்டால் இல்லையென்று சொன்னவன் தேசத்துரோகி என்கிற மாதிரி ஒரு காற்று.

மூன்று வருடம் போனது. 1964 ஏப்ரலில் அரசாங்கம் திரும்ப வந்தது. இன்னும் 576 மில்லியன் வேண்டும் என்றது. கூட்டிப் பாருங்கள். 871 உம் 576 உம் 1447 மில்லியன். நூறு ரூபா என்று சொல்லி வாங்கிய சாமானுக்கு நூற்றி அறுபத்தாறு ரூபா கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதுவும் சாமான் இன்னும் கைக்கு வரவில்லை!

அதே ஏப்ரல் கடைசியில்தான் லோசானில் தேசியக் கண்காட்சி தொடங்கியது. அதில் இராணுவத்துக்கென்று முள்ளம்பன்றி வடிவத்தில் கொங்கிறீற்றால் ஒரு மண்டபம். யாராவது தொட்டால் குத்துவோம் என்று அர்த்தம். சனம் மண்டபத்தையும் பார்த்தது, பத்திரிகையில் மிராஜ் கணக்கையும் பார்த்தது.

பாராளுமன்றத்துக்குக் கோபம் வந்தது. இந்த நாட்டில் பாராளுமன்றத்துக்குக் கோபம் வருவது அபூர்வம். எல்லாரும் சேர்ந்து ஆளுகிற நாடு, எதிர்க்கட்சி என்று ஒன்று பெரிதாக இல்லை. ஆனால் இந்தத் தடவை இரண்டு சபையிலும் இருந்து ஆட்களைச் சேர்த்து ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். தலைவர் சென்ற் காலனைச் சேர்ந்த சட்டத்தரணி கூர்ட் புர்க்லர். அவர் அரசாங்கத்தில் இருந்த கட்சிகளில் ஒன்றைச் சேர்ந்தவர், அப்போது நாற்பது வயது. தன் ஆட்களின் கணக்கைத் தானே கிண்டினார். செப்ரெம்பரில் அறிக்கை வந்தது.

அந்த அறிக்கை கண்டுபிடித்த விசயங்களைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஏனென்றால் இது மிராஜுக்கு மட்டும் உரியதில்லை. எங்கள் ஊரில் வீடு கட்டியவர்களுக்கு எல்லாம் இது விளங்கும். கலியாணம் செய்து பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்?

முதலாவது விசயம். பாராளுமன்றத்துக்கு விலை சொன்னபோது அந்த விமானமே இருக்கவில்லை. பிரான்ஸ்காரனின் மிராஜ் இருந்தது. அதற்கு விலையும் இருந்தது. ஆனால் சுவிஸ் இராணுவம் வாங்க நினைத்தது அதை இல்லை. பிரெஞ்சு ராடரைக் கழற்றிவிட்டு, அமெரிக்காவின் ஹியூஸ் கம்பனியின் தாரான் என்ற மின்னணுச் சாதனத்தைப் பூட்ட வேண்டும் என்றார்கள். அமெரிக்க ஏவுகணை வேண்டும் என்றார்கள். மலைக்குள் குடைந்த குகையில் விமானத்தை நிறுத்துவார்கள், அங்கே பாரந்தூக்கியால் தூக்கி அடுக்க விமானத்தில் கொழுவி வேண்டும். குகைக்குள் இடம் காணாது, ஆகவே மூக்கு மடிய வேண்டும். சின்ன ஓடுபாதை, ஆகவே சில்லுக் கால்கள் பலமாக இருக்க வேண்டும், எழும்புவதற்கு உதவி ரொக்கற்றும் வேண்டும். அதற்கு மேல், பிரான்சில் செய்து கொண்டுவராமல் லூற்சேர்னுக்குப் பக்கத்தில் எம்மன் என்ற இடத்திலுள்ள அரச தொழிற்சாலையில் உரிமம் எடுத்துத் தாங்களே செய்ய வேண்டும்.

ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். குகை இருக்கிறதுதானே, மூக்கு மடிய வேண்டாமா? இதுதான் பொறி. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் முதலாளி ஒரு ஆவி அடுப்பு வாங்கினார். அடுப்புக்கு விலை பேசியாயிற்று. பிறகு பார்த்தால் அதற்கு மின்சார இணைப்புக் காணாது. அதை மாற்றினால் புகைபோக்கி காணாது. புகைபோக்கியை மாற்றினால் கூரை ஓட்டை பெரிதாக வேண்டும், அதற்கு நகரசபை அனுமதி. கடைசியில் அடுப்பின் விலை மொத்தச் செலவில் பாதிகூட இல்லை. அவராவது தன் காசில் செய்தார், இரவிரவாக நித்திரை இல்லாமல் திரிந்தார். அரசாங்கத்தில் அப்படி நித்திரை கெடுகிறவன் யார்?

இரண்டாவது விசயம். விலையைக் கணக்குப் போட்டவர்களும் விமானத்தை விரும்பியவர்களும் ஒரே ஆட்கள். விமானப்படைத் தளபதி, பொதுப் படைத் தலைமை, தொழிற்சாலை ஆட்கள், கொள்வனவுக் குழு எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். கூடின விலை சொன்னால் பாராளுமன்றம் மறுத்துவிடும், குறைத்துச் சொன்னால் சம்மதிக்கும். பிறகு பாதி வேலை முடிந்த பின் போய் இன்னும் தாருங்கள் என்றால், நிறுத்தவா முடியும்? யானையை வாங்கினவன் அங்குசத்துக்குப் பின்னிற்க மாட்டான் என்கிற கணக்கு. யாரும் களவெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மிராஜ் விசயத்தில் ஒருவரும் சட்டைப்பைக்குள் காசு போட்டதாக அறிக்கை சொல்லவில்லை. ஆனால் பாராளுமன்றத்துக்குக் கொடுத்த விளக்கம் நேர்மையாக இருக்கவில்லை என்று சொன்னது. அதில் அணுகுண்டு ஆசையும் ஒரு பக்கத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் சில அதிகாரிகளுக்கு, தூரம் போய்க் குண்டு போடக்கூடிய விமானம் வேண்டும் என்ற கனவு. அதை வெளியில் வெளிச்சமாகச் சொல்ல முடியாதல்லவா.

மூன்றாவது, ஒரு நாட்டுப் பாதீடு வருடக் கணக்கில் ஓடுகிறது. விமானம் பத்து வருடக் கணக்கில் ஓடுகிறது. 1961 இல் போட்ட விலை 1964 இல் நிற்காது. கூலி கூடும், உலோகம் கூடும். பிந்தப் பிந்தச் செலவு ஏறும். செலவு ஏறினால் பாராளுமன்றம் யோசிக்கும், யோசித்தால் இன்னும் பிந்தும். பாலைக் குடிக்கிற பூனையைக் காவல் வைத்துவிட்டு, பால் குறைந்ததற்குக் கூட்டம் வைக்கிற மாதிரி.

நான்காவது, வாங்குகிறவன் ஒருவன், விற்கிறவன் ஒருவன். மிக்ரோஸ் விலை கூட்டினால் கோப்புக்குப் போகலாம். ராடரைப் பூட்ட ஒப்புக்கொண்ட பின் ஹியூஸை விட்டு எங்கே போவது? கையெழுத்துப் போடும் வரைக்கும்தான் வாங்குகிறவன் ராசா.

கடைசியில் என்ன செய்தார்கள்? புர்க்லர் குழு சொன்னபடி எண்ணிக்கையைக் குறைத்தார்கள். நூறு இல்லை, 57 தான். அதில் 36 சண்டை விமானம், 18 வேவு விமானம், மிச்சம் மூன்று பயிற்சிக்கும் சோதனைக்கும். காசு மிஞ்சியதா? அதுதான் பகிடி. வடிவமைக்கிற செலவு, உரிமச் செலவு, தொழிற்சாலையில் அச்சுகள் செய்த செலவு எல்லாம் நூறு செய்தாலும் ஒன்றுதான், ஐம்பத்தேழு செய்தாலும் ஒன்றுதான். நூறு பேருக்குப் போட்ட பந்தலில் ஐம்பத்தேழு பேர் இருந்து சாப்பிட்டால் பந்தல் கூலி குறையுமா? ஆளுக்கு விழுகிற பங்குதான் கூடும். மிராஜ் ஒவ்வொன்றின் விலையும் அப்படித்தான் ஏறியது.

ஆனால் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். விமானப்படைத் தளபதி எற்றியேன் பிறிமோ பதவி இழந்தார். பொதுப் படைத் தலைவர் யாக்கோப் அன்னாசோன் விலகினார். இராணுவ மந்திரி போல் சொடே உடனே போகவில்லை, ஆனால் மிராஜ் அவரை விடவில்லை, 1966 இறுதியோடு போனார். அவர் 1962 இல் இந்த நாட்டின் சனாதிபதியாக இருந்த மனிதர். அதே 1966 இல், பாராளுமன்றம் இப்படியான விசாரணைக் குழுக்களைப் போடுவதற்குச் சட்டத்திலேயே இடம் வைத்தார்கள். புர்க்லர் 1971 இல் மந்திரியாகத் தெரிவானார். ஒரு சின்னக் கணக்குக் கேள்வி நாட்டின் சட்டத்தை மாற்றியது. ஒருவரும் சாகவில்லை. ஒருவரும் காணாமல் போகவில்லை.

இந்த இடத்தில் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் மிராஜ் கதையின் வால் ஒன்று இருக்கிறது.

மிராஜின் எஞ்சினை உரிமம் எடுத்துச் செய்தது வின்ரதூரில் சுல்சர் கம்பனி. அங்கே அல்பிரட் பிறவுன்கினெக்ற் என்று ஒரு பொறியியலாளர். 1967 யூன் போரோடு பிரான்ஸ் இஸ்ரேலுக்கு விமானம் விற்பதை நிறுத்தியது. இஸ்ரேல் காசு கொடுத்த ஐம்பது மிராஜ் 5 விமானங்களும் பிரான்சிலேயே நின்றன. இந்த மனிதர் என்ன செய்தார் என்றால், எரிக்கக் கொடுத்த எஞ்சின் வரைபடங்களை எரிக்காமல், அவற்றுக்குப் பதிலாக வேறு பழைய கடதாசிகளை எரித்துவிட்டு, உண்மையான வரைபடங்களைப் பெட்டி பெட்டியாக இஸ்ரேலுக்குக் கொடுத்தார். அந்தப் பெட்டிகள் போன வழி எது தெரியுமா? எங்கள் ஆர்காவ் மாநிலத்தில், றைன் ஆற்றங்கரையில் இருக்கிற கைசர்ஔக்ஸ்ற் களஞ்சியம் ஒன்றின் வழி. அங்கிருந்து யேர்மனிக்குள். 1969 செப்ரெம்பரில் பிடிபட்டார், 1971 இல் நாலரை வருடத் தண்டனை.

இஸ்ரேல் முதலில் நேசர் என்று ஒரு விமானம் செய்தது, அது மிராஜ் 5 இன் நகல். பிறகு அந்த உடம்பிலேயே அமெரிக்க ஜே-79 எஞ்சினைப் பூட்டி இன்னொன்று செய்தது. அதன் பெயர் கிபிர்.

கிபிர் என்றால் உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எங்கள் சனத்துக்கு அது விமானத்தின் பெயரே இல்லை, ஒரு சத்தத்தின் பெயர். 1996 தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தது. அந்த வருடம் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து வன்னியில் இருந்தோம். அவ்ரோ, சியாமாசெட்டி, புக்காரா எல்லாம் கண்ட சனத்துக்கு அவை வருகிற சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓட நேரம் இருக்கும். கிபிர் அப்படியில்லை. அது போன பிறகுதான் சத்தம் வரும். என் வயது ஆட்கள் இன்றைக்கும், ஆராவில் இருந்தாலும் சரி ரொறன்ரோவில் இருந்தாலும் சரி, திடீரென்று ஜெற் சத்தம் கேட்டால் ஒரு கணம் கையில் உள்ள பாத்திரத்தை விடுவார்கள். சுவிஸ் விமானங்கள் பயிற்சிக்குப் பறக்கிற நாளில் நான் எத்தனை தரம் அப்படி நின்றிருக்கிறேன்.

டூபென்டோர்வ் விமான நூதனசாலையில் மிராஜ் ஒன்று நிற்கிறது. போய்ப் பார்த்தேன். அந்த முக்கோண இறக்கையைப் பார்த்தவுடன் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. பக்கத்தில் ஒரு சுவிஸ் குடும்பம் பிள்ளையைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்தது. பிழை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது ஒரு பழைய விமானம், ஒரு பழைய கடன்.

எங்கள் பக்கக் கணக்கு எப்படி இருந்தது? சுவிசில் மேலதிகக் காசு கேட்டால் அது செய்தி. இலங்கையில் அது வழமை. வருடத் தொடக்கத்தில் பாதுகாப்புக்கு ஒரு தொகை வாசிப்பார்கள், வருட நடுவில் குறைநிரப்புப் பிரேரணை என்று ஒன்று வரும், கை உயரும், முடிந்தது. அதற்காகத் தேசிய பாதுகாப்பு வரி என்று தனியாக ஒரு வரியே இருந்தது, 2002 இல் வற் வரி வரும்வரை. யோசித்துப் பாருங்கள். கொழும்பில் பால்மா வாங்குகிற தமிழ்த் தாயும் அந்த வரியைக் கட்டினாள். அவளுடைய அண்ணன் குடும்பம் வன்னியில் பங்கருக்குள் இருந்தது. தன் தலையில் விழுகிற குண்டுக்குத் தானே தவணை கட்டின சனம் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 2006 இல் உக்ரைனில் இருந்து நான்கு பழைய மிக்-27 வாங்கினார்கள், பழுதுபார்ப்பு வேலைகளோடு 14 மில்லியன் டொலருக்கு மேல். 2000 ஆம் ஆண்டில் அதே இடத்தில் வாங்கியவற்றை விட விலை ஏன் கூட, நடுவில் நிற்கிற கம்பனி யாருடையது என்று பத்திரிகைகள் கேட்டன. சண்டே ரைம்சில் இக்பால் அத்தாஸ் எழுதினார், 2007 இல் அவருக்கு இருந்த பாதுகாப்பு விலக்கப்பட்டது. சண்டே லீடரில் லசந்த விக்கிரமதுங்கவின் பத்திரிகை எழுதியது. 2009 சனவரி 8 ஆம் திகதி பட்டப்பகலில், வேலைக்குப் போகிற வழியில் லசந்தவைக் கொன்றார்கள். எதற்காகக் கொன்றார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது விளங்குகிறதா, புர்க்லர் கதையில் நான் ஏன் புத்தகத்தை மூடினேன் என்று? இரண்டு நாட்டிலும் விமானக் கணக்குப் பிழைத்தது. ஒரு நாட்டில் கணக்குக் கேட்டவர் மந்திரியானார். மற்ற நாட்டில் கணக்குக் கேட்டவர் எங்கே என்று கனத்தை மயானத்தில்தான் கேட்க வேண்டும்.

சிங்கள அரசைத் திட்டிவிட்டு இதோடு முடித்தால் உங்களில் கனபேர் சந்தோசப்படுவீர்கள். ஆனால் கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்று எனக்குப் படிப்பித்தவர்கள் சொன்னார்கள். நாங்களும் போருக்குக் காசு கொடுத்தோம். இந்த நாட்டில் கோப்பை கழுவின காசு. வங்கியில் எங்கள் பெயரில் சிறுகடன் எடுத்தும் கொடுத்த சனம் இருக்கிறது. 2018 யூனில் பெலின்சோனா நீதிமன்றத்தில் 13 பேர் மீதான வழக்கின் தீர்ப்பு வந்ததே, அதில் பேசப்பட்ட தொகை 15 மில்லியன் பிராங்குக்கு மேல். அந்த வழக்கில் புலிகளைக் குற்றவியல் அமைப்பு என்று நீதிமன்றம் ஏற்கவில்லை, சிலருக்குக் கடன் எடுத்த முறைக்காக ஒத்திவைத்த தண்டனை கொடுத்தது. நான் சொல்ல வருவது சட்டம் இல்லை. நானும் கொடுத்தேன். எவ்வளவு சேர்ந்தது, எதற்குப் போனது, எவ்வளவு மிஞ்சியது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் துரோகி என்பார்கள் என்ற பயம். 1961 இல் பேர்ன் பாராளுமன்றத்தில் கை உயர்த்தினவர்களுக்கு இருந்த அதே பயம்தான். ரஷ்யன் வருகிறான், இப்போது கணக்கா கேட்கிறாய்? எதிரி வருகிறான், இப்போது கணக்கா கேட்கிறாய்? போர்க் காசு எங்கேயும் இந்த ஒரு வசனத்தில்தான் பெருகுகிறது.

என்னைக் கல்லெறிய நினைக்கிறவர்கள் எறியலாம். எனக்கு இப்போது நாற்பதுகள் முடியப் போகிறது, பயம் குறைந்துவிட்டது.

சரி, திரும்ப எப்-35. மிராஜில் படித்தார்களா என்றால், பாதிதான் படித்தார்கள். முழுக்கப் படிக்காததற்கு ஒரு சாட்சி ஆளில்லா வேவு விமானம். 2015 இல் இஸ்ரேலின் எல்பிற் கம்பனியிடம் ஹேர்மஸ் 900 ஆறு வாங்க 250 மில்லியன் பிராங் ஒதுக்கினார்கள். 2019 அளவில் எல்லாம் வந்திருக்க வேண்டும். ஆனால் சுவிஸ் வானத்துக்கென்று, மற்ற விமானங்களைத் தானே கண்டு விலகுகிற கருவி வேண்டும் என்று கேட்டார்கள், வேறு எங்கும் இல்லாத வசதி. வருடங்கள் போயின. 2025 இல் அந்த வசதியையும் வேறு இரண்டையும் கைவிட்டுவிட்டு மிச்சத்தை எடுப்போம் என்று முடிவு. மிராஜின் மடிகிற மூக்கு திரும்ப வந்த மாதிரி.

எப்-35 இல் அந்தப் பிழையை விடவில்லை. சுவிஸ் மூக்கு, சுவிஸ் ராடர் ஒன்றும் கேட்கவில்லை, அமெரிக்கன் பாவிக்கிற அதே விமானம். 2014 மே மாதம் கிறிப்பன் விமானம் 22 வாங்குகிற திட்டத்தைச் சனம் 53.4 வீதத்தால் தூக்கி எறிந்ததால், இந்தத் தடவை விமானத்தின் பெயரைச் சொல்லாமல் காசை மட்டும் கேட்டார்கள். ஆறு பில்லியன், அதற்கு மேல் போகாது. 2020 செப்ரெம்பர் 27 வாக்கெடுப்பில் 50.1 வீதம் ஆம். வித்தியாசம் 8670 வாக்கு. நாடு முழுக்க அவ்வளவுதான்! 2021 யூனில் எப்-35 தெரிவு, 2022 செப்ரெம்பரில் 36 விமானத்துக்கு ஒப்பந்தம், 6.035 பில்லியன் பிராங். நிலையான விலை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த வருடமே அரசின் சொந்தக் கணக்காய்வு அலுவலகம், அந்த நிலையான விலைக்குச் சட்டப்படி உறுதி இல்லை என்று எழுதியது. அரசு கேட்கவில்லை. 2025 யூனில் அமெரிக்கா கேட்ட மேலதிகம் 650 மில்லியனில் இருந்து 1.3 பில்லியன் டொலர் வரைக்கும் போகும் என்று அரசே வெளியில் சொல்ல வேண்டி வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் என்ன முடிவு தெரியுமா? சனம் தந்த ஆறு பில்லியனுக்குள் நிற்போம், ஆகவே 36 எடுக்க முடியாது, காசுக்கு எத்தனை வருமோ அத்தனை.

நூறு கேட்டு ஐம்பத்தேழு. அறுபது வருடம் கழித்தும் அதே மருந்து.

வாங்குகிறவன் ஒருவன் விற்கிறவன் ஒருவன் என்று மேலே சொன்னேனே, இங்கே அதுதான் முழு வியாதியும். இந்த விமானங்களை அமெரிக்கக் கம்பனியிடம் சுவிஸ் நேரே வாங்கவில்லை. அமெரிக்க அரசு கம்பனியிடம் வாங்கி, வாங்கின செலவுக்குச் சுவிசுக்குக் கொடுக்கிறது. செலவு கூடினால் வாங்குகிறவன் தலையில். நிலையான விலை என்ற சொல்லுக்கு வோசிங்ரனில் ஒரு கருத்து, பேர்னில் ஒரு கருத்து. ஒரு சொல்லின் விலை ஒரு பில்லியன். மொழி தெரியாமல் அகதி விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்த எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், இதையும் பார்த்து ஒருக்கால் சிரிக்கலாம்.

அந்த வாக்கெடுப்பு நடந்தபோது எனக்கு வாக்கு இல்லை. சம்பளத்தில் வரி போனது, வாங்குகிற ஒவ்வொரு சாமானிலும் வரி போனது, வாக்கு மட்டும் இல்லை. 1964 இல் இந்த நாட்டுப் பெண்களுக்கும் அப்படித்தான், அவர்களுக்கு 1971 இல்தான் கிடைத்தது. பெரிய சமையற்காரரிடம் இதைச் சொன்னேன்.

"உனக்கு வாக்கு இருந்திருந்தால் என்ன போட்டிருப்பாய்?" என்று கேட்டார்.

உடனே பதில் வரவில்லை. ஜெற் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறவன் ஜெற்றுக்கு ஆம் போடுவானா? ஆனால் வானத்தில் எதிரி தன் பாட்டுக்கு வந்து குண்டு போட, கீழே தடுக்க ஒன்றும் இல்லாமல் நின்ற சனமும் நாங்கள்தானே. விமானம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"ஆம் தான் போட்டிருப்பேன். போட்டுவிட்டு ஒவ்வொரு வருடமும் கணக்குக் கேட்டிருப்பேன்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் இல்லை என்று போட்டதாகச் சொன்னார். அப்பாவின் மிராஜ் நினைவில். பிறகு இரண்டு பேரும் இரவுச் சாப்பாட்டுக்கு வேலையைத் தொடங்கினோம். அன்றைக்கு ஸ்ரேசனுக்கு முன்னாலுள்ள படைமுகாமில் இருந்து பயிற்சிப் பெடியன்கள் பத்துப் பதினைந்து பேர் சாப்பிட வந்திருந்தார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். நல்ல பசி. ஆளுக்கு ஒரு கரண்டி கூடப் போட்டு அனுப்பினேன். அந்தக் கணக்கை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் கருத்தை எழுதுங்கள். திட்டுவதென்றாலும் பெயரோடு திட்டுங்கள்.